கருவாடு, மண்வெட்டி, மெத்தை

என் அண்ணனை என் வீட்டுக்காரர் "கருவாடு" என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அப்பா போன பிறகு அப்பா இடத்தில் நின்று எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் அண்ணன். கடற்படையில் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்து, சீஃப் பெட்டி ஆபீசராக ரிட்டயர் ஆனவர். அப்படிப்பட்ட மனுஷனைச் சந்தையில் கூறு கட்டி விற்கிற சாமானின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கூடப் பிறந்தவளுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணனுக்கு மட்டும் கோபமே வராது. அவர் பதிலுக்கு என் வீட்டுக்காரரை "மண்வெட்டி" என்பார். இவர் தரைப்படையில் ஹவில்தாராக இருந்தவர். காலாட்படைக்காரனுக்கு வேலை இல்லை என்றால் குழி வெட்டச் சொல்வார்களாம். வெட்டி முடித்ததும் அதே குழியை மூடச் சொல்வார்களாம். "பாப்பா, உன் வூட்டுக்காரரு இந்தியா பூரா குழி வெட்டிட்டு வந்துருக்காரு. எங்கனா தடுக்கி வுழுந்தன்னா அது அவரு வெட்டினதாத்தான் இருக்கும்" என்று என்னிடமே சொல்லிச் சிரிப்பார் அண்ணன். இவர் உடனே, "பெட்டி ஆபீசரு பேச்சைப் பாரு. பெட்டிக்கடையில உக்கார வேண்டிய ஆளு" என்பார்.

இவர்களோடு மூன்றாவதாக ஒருவர் உண்டு. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். விமானப்படையில் சார்ஜன்ட்டாக இருந்தவர். நல்ல சிவப்பு, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவருக்கு "மெத்தை" என்று பெயர். மற்ற இரண்டு படைக்காரர்களும் சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் கிடக்கும்போது விமானப்படைக்காரன் மட்டும் மெத்தையில் படுத்து எழுந்து, காபி குடித்துவிட்டுப் போருக்குப் போவானாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மண்வெட்டியும் கருவாடும் ஒரே கட்சி. மெத்தை அதை மறுக்கவும் மாட்டார். "மூளை இருக்கிறவனுக்கு மெத்தை குடுக்கறாங்க. உங்களுக்கு ஏன் குடுக்கலன்னு யோசிச்சிப் பாருங்க" என்று டீயை உறிஞ்சுவார்.

இந்தக் கூத்தெல்லாம் நடப்பது என் யூனிட் வாசலில். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, காயவைத்து, பூச்சு கொடுத்துச் சூளையில் சுட்டு எடுப்போம். கொலு பொம்மை, அகல் விளக்கு, காபி கோப்பை, பூச்சாடி, எந்த ஆர்டர் வந்தாலும் செய்வேன். நான் செராமிக் படிப்பே படித்தவள். இவர் பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் தனியாளாக நின்று இந்த இடத்தை எடுத்தேன். அதனால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், கோபமும் அதிகம். மறைக்க என்ன இருக்கிறது, தொழிற்பேட்டைக்கே தெரிந்த விஷயம்தான்.

இவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே இது ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை லீவில் வந்திருந்தார், அண்ணனும் லீவில் வந்திருந்தார். பெரியவர்கள் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க நேவியா? அதான் உள்ள வரும்போதே கருவாட்டு வாசனை அடிச்சிச்சி" என்றார். கூடமே வெலவெலத்துப் போனது. சம்பந்தம் போச்சு என்று என் அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணன் தட்டைக் கீழே வைத்து, "வாங்க மாப்ளே, டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று எழுந்தார். அடிக்கத்தான் கூட்டிப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். "இந்த மண்வெட்டிக்கே குடுத்துடலாம்" என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னார். என் சம்மதத்தை யாரும் கேட்கவே இல்லை. அது வேறு சண்டை, அதை இன்னும் நான் விடவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு மூன்று பேரும் காலை டீக்கு என் யூனிட் வாசல் புங்க மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். டீ குடித்துவிட்டுச் சும்மா போகமாட்டார்கள், உதவி செய்கிறேன் என்று உள்ளே வருவார்கள். நான் முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். போகப்போக, அவர்கள் இல்லாத நாளில் எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது.

இவர் கோப்பைகளை வைக்கோல் வைத்து அடுக்குவார். ஒரு கோப்பையின் காதுகூடத் திசை மாறி நிற்காது. அணிவகுப்பு மாதிரி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். அண்ணன் பெட்டிகளுக்குக் கயிறு கட்டுவார். கப்பலில் கற்ற முடிச்சு அது. பார்க்கச் சின்னதாக, பட்டாணி மாதிரி இருக்கும். லாரியில் ஏற்றி, இறக்கி, உருட்டி, எறிந்து கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தாலும் அசையாது. அங்கே இருக்கிற கடைக்காரர் எனக்குப் போன் செய்து புலம்புவார். "அம்மா, உங்க பொட்டிய அவுக்க முடியலைங்க. கத்தி வச்சி அறுத்தேன், கத்தி மழுங்கிப்போச்சு. ஆனா ஒரு கோப்பைகூட ஒடையலைங்க." இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் அண்ணனை அந்த வேலையில் விட்டுவைத்தேன்.

மெத்தை ஒரு சாமானையும் தொடமாட்டார். கையில் மண் ஒட்டுமாம். ஆனால் ஒருநாள் சூளை எரிந்துகொண்டிருக்கும்போதே காற்று ஊதுகிற ப்ளோயர் நின்றுபோனது. உள்ளே முழு லோடு இருந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து யூனிட் ஆட்கள் ஓடிவந்தார்கள். மெத்தை மட்டும் கத்தவில்லை. வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டார், வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து மோட்டாருக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி, ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது.  அண்ணன் அவரைப் பார்த்து, "மெத்தை கிழிஞ்சிபோச்சுடா, உள்ள பஞ்சு இல்ல, இரும்பு இருக்குது" என்றார். அவர்கள் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அவர்களைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஊரில் எத்தனையோ சிநேகிதர்களைப் பார்க்கிறோம், ஒரு சொல் தவறினால் பேச்சு நின்றுபோகிறது. இவர்கள் பேசுவதெல்லாம் தவறான சொல்தான், ஒருநாளும் பேச்சு நின்றதில்லை. இவர் வடக்கே பனிமலையில் காவலுக்கு இருந்த காலத்தில் வாரக்கணக்கில் போன் வராது. அண்ணனுடைய கப்பல் கரைக்கு வந்ததும் முதல் போன் எனக்கு வரும். "மண்வெட்டி உசுரோட இருக்குதா, இல்ல ஐஸ்ல ஒறைஞ்சி போச்சா?" என்று கேட்பார். "நேத்து பேசினாரு அண்ணா" என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். இவர் லீவில் வந்திருக்கும்போது வங்கக் கடலில் புயல் என்றால் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்க மாட்டார். "கருவாடு ஊறிப்போவப் போவுது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், சோறு இறங்காது.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "மரத்தடியோட வச்சிக்கோங்க, வூட்டுக்குள்ள எங்கண்ணனை அப்படிக் கூப்பிடக் கூடாது" என்று சட்டம் போட்டேன். மூன்று பேரும் ஒருமுறை என்னிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஆளுக்கொரு கோப்பை வேண்டும், அதில் பட்டப்பெயரை எழுதிச் சுட்டுத் தரவேண்டும் என்றார்கள். "என் சூளையில கருவாடு வேவாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டேன். அண்ணன்தான் ரொம்ப வருத்தப்பட்டார்.

அவர்களோடு முன்பு நாலாவதாக ஒருவர் வருவார். கம்மாபுரத்துக்காரர், தரைப்படையில் லாரி ஓட்டி சுபேதாராக ரிட்டயர் ஆனவர். அவருக்கு "டீசல்" என்று பெயர். போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். எல்லோரும் சாவுக்குப் போனோம். மூன்று பேரும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். இவர் குனிந்து, அவர் காதருகே, "சுபேதார் சாப், ஜெய்ஹிந்த்" என்றார். திரும்பி வரும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். அண்ணன் என்னிடம், "பாத்தியா பாப்பா, அத்தனை வருஷமா டீசல் டீசல்னு கூப்பிட்ட ஆளை இன்னிக்கு சாப்புன்றான். எங்க ஆளுங்க கிட்ட மரியாதை வந்துட்டா, ஆளு காலின்னு அர்த்தம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சாவு வீட்டுக்குப் போய் வந்த மனசுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

இந்த வருஷம் தை கழிந்து ஒரு காலை. கோயமுத்தூர் ஆர்டர் கிளம்ப வேண்டும். அண்ணன் கடைசிப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு பெட்டியைத் தூக்கினேன், முடிச்சு நழுவி அடி பிரிந்தது. அண்ணன் கட்டிய முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை. திரும்பிப் பார்த்தால் மனுஷன் சுவரில் சாய்ந்து நிற்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. "ஒண்ணுமில்ல பாப்பா, வாயுதான்" என்றார். எனக்கு வாயு மேல் நம்பிக்கை இல்லை, அந்த முடிச்சு மேல்தான் நம்பிக்கை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். இங்கே ஈசிஜி பார்த்தவர்கள் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இதயத்துக்குப் போகிற குழாய்களில் அடைப்பு. பைபாஸ் செய்தாக வேண்டும், அதுவும் உடனே. செய்தால் நன்றாக இருப்பார், தள்ளிப்போட்டால் உத்தரவாதம் இல்லை. நாளை மறுநாளே ஆபரேஷன் என்று முடிவானது. அண்ணன் தைரியமாகத்தான் இருந்தார். "கப்பல்ல எத்தனை பைப்பு மாத்தியிருப்பன். எனக்கு ரெண்டு மாத்தறானுங்க, அவ்ளோதான்" என்றார். அண்ணி அழுதபோது அவர்தான் சமாதானம் சொன்னார்.

மறுநாள் இவரும் மெத்தையும் பார்க்க வந்தார்கள். வாசலில் இருந்த நர்ஸ் கொஞ்சம் கண்டிப்பான ஆள். இந்த இரண்டு பேர் சத்தத்தையும் காரிடாரிலேயே கேட்டிருக்கிறார். "பேஷன்ட்டுக்கு டென்ஷன் ஆவக் கூடாது. சிரிக்க வைக்கிறது, சீண்டறது எதுவும் வேணாம். மரியாதையாப் பேசிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். மற்ற யாராக இருந்தாலும் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தன் இஷ்டத்துக்குப் பேசியிருப்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் யூனிஃபார்ம் போட்ட ஒருவர் சொன்னால் அது ஆர்டர். ஆர்டர் என்றால் நிறைவேற்றியே தீருவார்கள்.

உள்ளே வந்து கட்டிலின் கால்பக்கம் விறைப்பாக நின்றார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம் சீஃப் சார். நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க சார். குடும்பத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றார். மெத்தை, "ஆமாம் சார். தைரியமா இருங்க சார்" என்றார். இரண்டு பேரும் ஒரு சிரிப்பு இல்லாமல் திரும்பி வெளியே போனார்கள்.

அண்ணன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போனதை நான் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "பாப்பா, வூட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"இன்னா அண்ணா, நாளைக்கு ஆபரேஷன்."

"வேணாம். டாக்டரு அவங்க கிட்ட உண்மையச் சொல்லிட்டாரு. என்னாண்ட மறைக்கறீங்க. டீசலுக்குச் சொன்ன மாதிரியே சொல்லிட்டுப் போறான் பாரு. கிழிச்சிப் போட்டு சாவறதுக்கு, என் வூட்டுல என் கட்டில்ல போயிடறன்."

நான் சொன்னேன், அண்ணி சொன்னார், டாக்டரே வந்து சொன்னார். அண்ணன் அசையவில்லை. அவர் கட்டிய முடிச்சு மாதிரியே இறுகிப்போனார். அவர் சம்மதிக்காமல் கத்தி வைக்க முடியாது, சாயந்திரத்துக்குள் சரி என்று சொன்னால்தான் நாளைக்குச் செய்ய முடியும், இல்லை என்றால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மணி ஓடிக்கொண்டிருந்தது.

நான் காரிடாருக்கு ஓடினேன். இரண்டு பேரும் பெஞ்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க மரியாதை குடுத்தே எங்கண்ணனைக் கொல்லப் பாக்கறீங்க. போங்க, போயி எப்பவும் போலப் பேசுங்க. கருவாடுன்னு கூப்பிடுங்க" என்றேன். என் வாயால் அப்படி ஒரு உத்தரவு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இவர் எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். கட்டிலருகே நின்று அண்ணனைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. பனிமலையில் காவல் காத்த மனுஷன், குண்டுச் சத்தத்தில் தூங்கி எழுந்த மனுஷன், ஒரு கருவாட்டைச் சொல்ல முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினார். அதைப் பார்த்ததும் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. "பாத்தியா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மெத்தையிடம் போய்க் கெஞ்சினேன். "என்னால முடியாதும்மா. அவரு மூஞ்சியப் பாத்தா எனக்கும் அழுகதான் வருது. பயமா இருக்கும்போது கிண்டல் வராதும்மா" என்றார். எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை வருஷமும் அவர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்தது, "நீ நல்லா இருக்க, உனக்கு ஒண்ணும் ஆகல" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. இப்போது அந்தச் சொல் அண்ணனுக்கு வேண்டும். அவர்கள் இரண்டு பேரிடமும் அது கையிருப்பில் இல்லை.

என்னிடம் இருந்தது. எனக்கும் பயம்தான். ஆனால் எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, கோபம்தான் வரும்.

நேராக உள்ளே போனேன். "யோவ் கருவாடு!" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"கட்ட வேண்டிய பொட்டியெல்லாம் பாதியில கெடக்குது. உன் மண்வெட்டி ஒரு பொட்டி கட்டினாரு, தூக்கினதும் அடி புட்டுக்கிச்சு. கோயமுத்தூர்க்காரன் எனக்கு போன் போட்டுக் கத்தறான். நீ இங்க படுத்துக்கினு சாவறன்னு சினிமா காட்டறியா? கப்பல்ல தண்ணி வந்தா நீ இன்னா பண்ணுவ? ஓட்டைய அடைப்பியா, இல்ல வூட்டுக்குப் போறன்னு குதிச்சிடுவியா? மண்வெட்டி சொன்னது சரிதான். நேவின்னா கரையில நின்னு குளிக்கிற படைதான். எந்திரிச்சி வந்து பொட்டியக் கட்டிட்டு அப்புறமா சாவு!"

மூச்சு வாங்கி நின்றேன்.  இனி அந்த நர்ஸ் வந்து என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று நினைத்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"கரையில நின்னு குளிக்கிற படையா? அவன் சொன்னானா?"

"ஆமா. நீ இல்லாதப்போ இன்னும் மோசமாச் சொல்லுவாரு."

"எனக்கு ஒண்ணும் ஆவலன்னு நீ நெனைக்கிற?"

"ஆயிருந்தா நான் இந்தப் பேச்சு பேசுவனா?" என்றேன். அதுவரைக்கும் தாங்கிய குரல் அங்கே உடைந்துபோனது. அண்ணன் அதைக் கவனித்தாரோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை.

"அவனைக் கூப்புடு. அவன் வாயால கேக்கணும்" என்றார்.

இவர் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார், எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஈர முகத்தோடு உள்ளே வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் பின்னாலேயே வந்து நிற்கிறார். ஒரு ஆர்டரை மீறுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நர்ஸை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"மச்சான், மீனை அறுத்துக் கழுவினாத்தான் கருவாடு ஆவும். அறுக்காம எப்படிரா?"

"வாடா மண்வெட்டி" என்று அண்ணன் கையை நீட்டினார். டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். நர்ஸ் எங்களைத் திட்ட வந்தவர், திட்டாமல் திரும்பிப் போய் டாக்டரை அழைத்து வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூச்சுக்கு வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு ஒருவரை மட்டும் பார்க்க விட்டார்கள். அண்ணி என்னை அனுப்பினார். "நீ போ. உன் சத்தத்துலதான் அவரு எந்திரிச்சாரு" என்றார். நான் போய் நின்றேன். அண்ணன் மெல்லக் கண் திறந்தார். குரல் காற்று மாதிரி வந்தது. "சூளை வந்துட்டுது. இனிமே குளுராது" என்றார். அன்றைக்கு எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. காரிடாரில் இருந்த இரண்டு பேரும் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். "இத்தினி நாளா இது நமக்குத் தோணல பாரு" என்று மெத்தை வருத்தப்பட்டார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோப்பைகளைச் செய்தேன். கருவாடு, மண்வெட்டி, மெத்தை. நானே என் கையால் எழுதிச் சுட்டேன். சூளையிலிருந்து எடுக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நாலாவது ஒன்றும் செய்யச் சொல்லி அண்ணன் கேட்டார். அதில் "சூளை" என்று அவரே எழுதினார். கை இன்னும் சரியாக நிற்கவில்லை, எழுத்து கோணலாக விழுந்தது. அப்படியே சுட்டுவிட்டேன். கடை விலைக்குப் போகாத சரக்கு, நான் தினமும் டீ குடிப்பது அதில்தான். இப்போது அண்ணன் பழையபடி கயிறு கட்டுகிறார். கோயமுத்தூர்க்காரர் பழையபடி புலம்புகிறார். அவர் புலம்பினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

போன மாதம் எனக்கு இரண்டு மூன்று தடவை தலை சுற்றியது. சும்மா இருக்கட்டும் என்று ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவை வாங்கிவர இவர்தான் போனார். நான் புங்க மரத்தடியில் அண்ணனோடும் மெத்தையோடும் உட்கார்ந்திருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு மெல்ல நடந்து வந்தார். என் முன்னால் நின்று, "அம்மா, டீ எடுத்துக்கிட்டு வரட்டுங்களா? நீங்க எழுந்திருக்காதீங்க, உக்காருங்க" என்றார்.

 கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். அண்ணனைப் பார்த்தேன், அவர் முகமும் வெளுத்துவிட்டது. "எனக்கு இன்னாங்க ஆச்சு? டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

 இவர் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார். "ஏய் சூளை! உனக்கு சுகரு! இனிமே டீயில சர்க்கரை கட்!"

மெத்தை துள்ளிக் குதித்தார். அண்ணன் என் முதுகில் தட்டினார். நான் கையில் இருந்த துணியைச் சுருட்டி இவர் மேல் எறிந்தேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். சர்க்கரை வியாதி வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஆள் விருத்தாசலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.